பிறந்தநாள் மதிய விருந்தும் கேரமல் கஸ்டர்டும்: என்ன கோளாறு, ஏன், எப்படிச் சரிசெய்வது

வீட்டிலேயே பிறந்தநாள் சாப்பாடு போடும்போது இனிப்பை முந்தின நாளே முடித்துவிடுவதுதான் நல்லது. விருந்து நாள் காலையில் அடுப்பும் கையும் சாப்பாட்டுக்கே போதாது. அந்த வகையில் கேரமல் கஸ்டர்டுக்கு ஈடு இல்லை. செம்பழுப்பாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகைப் பாத்திரத்தின் அடியில் ஊற்றி, அதன்மேல் பால்-முட்டைக் கலவையை ஊற்றி வேகவைத்து, குளிர்ந்ததும் தட்டில் கவிழ்க்கும் இனிப்பு இது. ஓர் இரவு ஃபிரிட்ஜில் இருந்தால்தான் அது உருப்படியாகக் கவிழும், பாகும் முழுதாக இளகும். பால், முட்டை, சர்க்கரை, வெனிலா போதும். ஆனால் செய்முறை எளிது என்பதாலேயே பலர் அடுப்பைக் கூட்டி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். கஸ்டர்டில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை சூடு அதிகமானதால் வருபவை. கீழே உள்ளவற்றைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு

12 பேருக்கு: கொழுப்பு நீக்காத பால் 1 லிட்டர், முட்டை 8 (ஓடு நீக்கிய பின் ஒன்று சுமார் 50 கிராம்), சர்க்கரை 180 கிராம், வெனிலா எசென்ஸ் 2 தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. பாகுக்குச் சர்க்கரை 200 கிராம், தண்ணீர் 60 மி.லி., எலுமிச்சைச் சாறு அரைத் தேக்கரண்டி. இதை 15 அல்லது 16 செ.மீ. அகலமுள்ள, ஓரம் நேராக நிற்கும் இரண்டு பாத்திரங்களில் பிரித்து ஊற்றுங்கள். ஒரே பெரிய பாத்திரத்தில் ஊற்ற ஆசை வரும், வேண்டாம். நடுப்பகுதி வேகும் முன் ஓரம் முற்றிப்போகும். இரண்டாகச் செய்தால் ஒன்று கவிழ்க்கும்போது உடைந்தாலும் மற்றொன்று மேசைக்கு வரும்.

சர்க்கரை சேர்த்த பாலை ஆவி எழும் அளவுக்கு, சுமார் 60 டிகிரி செல்சியஸ் வரை, சூடாக்குங்கள். முட்டையை நுரை வராமல் கலக்கி, பாலை மெல்ல ஊற்றி, வெனிலா சேர்த்து, வடிகட்டி, 15 நிமிடம் அப்படியே விடுங்கள். மேலே நிற்கும் நுரையை எடுத்துவிட்டுப் பாகு உறைந்த பாத்திரத்தில் ஊற்றி, ஃபாயிலால் மூடுங்கள். ஓவனில் 150 டிகிரியில், பாத்திரத்தின் பாதி உயரத்துக்கு வெந்நீர் நிற்கும் ட்ரேயில், 45 முதல் 60 நிமிடம். ஆவியில் என்றால் இருப்பதிலேயே சின்னத் தீயில் 25 நிமிடம் ஆனதும் பார்க்கத் தொடங்குங்கள்.

பாகு வெள்ளையாகப் பூத்துவிட்டது

கொதிக்கும் பாகில் கரண்டி போட்டுக் கிளறியதாலோ, பாத்திரச் சுவரில் ஒட்டிய சர்க்கரைத் துகள் உள்ளே விழுந்ததாலோ இது நடக்கும். ஒரு துகள் போதும், அதைச் சுற்றி மொத்தமும் மணல் மாதிரி இறுகிவிடும். தூக்கி எறிய வேண்டாம். 4 மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுச் சிறுதீயில் சர்க்கரை முழுதாகக் கரையும்வரை விடுங்கள், பிறகு தீயைக் கூட்டுங்கள். எலுமிச்சைச் சாறு சேர்த்தால் சர்க்கரையில் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரியும். அதன்பின் மறுபடி படிகமாவது கடினம். சர்க்கரை கரையும்வரைதான் கிளறலாம். கொதி வந்ததும் பாத்திரத்தைப் பிடித்துச் சுழற்றுவதோடு சரி. சுவரில் துகள் தெரிந்தால் நனைத்த பிரஷ்ஷால் தடவி இறக்குங்கள்.

பாகு கசக்கிறது

கருகிவிட்டது. இதற்கு மீட்சி இல்லை. கசந்த பாகு பாலிலும் இறங்கி மொத்தத்தையும் கெடுக்கும், 200 கிராம் சர்க்கரை போனால் போகிறது. பாகு 170 முதல் 180 டிகிரிக்குள் தேன் நிறத்தைத் தாண்டிச் செம்பழுப்புக்கு வரும். அங்கிருந்து கருகுவதற்குச் சில நொடிகள் போதும். அடுப்பை அணைத்த பிறகும் அடிகனமான பாத்திரத்தின் சூட்டில் நிறம் கூடிக்கொண்டே போகும். ஆகவே வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்பே இறக்கி, உடனே ஊற்றிவிடுங்கள். அடிப்பகுதி கறுப்பான பாத்திரத்தில் நிறம் தெரியாது, வெளிர் நிறமான எவர்சில்வர் பாத்திரமே வசதி. ஒரு வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் சந்தேகமே இருக்காது.

மாறாக, வெறும் இனிப்பாக, மணமில்லாமல் இருந்தால் சீக்கிரம் இறக்கிவிட்டீர்கள் என்று பொருள். வெளிர் மஞ்சளில் நிற்கும் பாகுக்குக் கேரமல் சுவை வராது.

இந்த வேலையின்போது சமையலறைக்குள் குழந்தைகள் வேண்டாம். பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். பட்டுவிட்டால் ஐஸ் வைக்காமல், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்.

பாகு பாத்திரத்தின் அடியில் பரவும் முன்பே இறுகிவிட்டது

பாத்திரம் குளிர்ந்திருந்தது. எவர்சில்வர் அல்லது அலுமினியப் பாத்திரமானால் சிறுதீயில் சில நொடி காட்டினால் இளகும், துணியால் பிடித்துச் சாய்த்துப் பரப்புங்கள். பீங்கானையும் கண்ணாடியையும் தீயில் காட்டக் கூடாது. அவற்றை முன்கூட்டியே வெந்நீரில் வைத்துத் துடைத்துக்கொள்ளுங்கள். அடி முழுவதும் மூடாமல் ஓரிடம் விட்டுப்போனாலும் கவலை இல்லை, இரவில் இளகிப் பரவிக்கொள்ளும். உறைந்த பாகு ‘டிக்’ ‘டிக்’ என்று விரிசல் விடும் சத்தமும் இயல்பானதே.

பாலை ஊற்றியதும் முட்டை திரிதிரியாகிவிட்டது

பால் கொதித்த நிலையில் ஒரேயடியாக ஊற்றப்பட்டிருக்கிறது. திரி கொஞ்சம்தான் என்றால் வடிகட்டிவிட்டுத் தொடரலாம். வடிகட்டியில் கைப்பிடி அளவு நின்றுவிட்டால் உறையத் தேவையான முட்டை வெளியே போய்விட்டது என்று அர்த்தம், மறுபடி தொடங்குவதே மேல். அடுத்த முறை பாலை அடுப்பிலிருந்து இறக்கி 10 நிமிடம் ஆறவிட்டு, முதலில் ஒரு கரண்டிப் பாலை முட்டையில் கலந்து, பிறகு மீதியைக் கம்பியாக ஊற்றுங்கள்.

கஸ்டர்ட் ஸ்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். இரண்டு காரணங்கள். வெட்டிய துண்டைப் பார்த்தே எது என்று சொல்லிவிடலாம்.

மேற்பரப்பில் மட்டும் குட்டிக் குட்டிக் குமிழிகள் இருந்தால், அது கலக்கும்போது ஏறிய காற்று. முட்டையை மிக்ஸியிலோ பீட்டரிலோ அடித்திருப்பீர்கள். முள்கரண்டியைக் கிண்ணத்தின் அடியோடு ஒட்டிப் பிடித்து இடம் வலமாக அசைத்தால் போதும், நுரை எழாது. சுவையில் குறை இல்லை.

ஓரத்திலும் அடியிலும் பெரிய துளைகள், வாயில் வைத்தால் ரப்பர்போல் கடிபடுகிறது, தட்டில் தண்ணீர் பிரிகிறது என்றால் அது சூடு. பாலும் சர்க்கரையும் கலந்த முட்டை சுமார் 80 டிகிரியில் உறைந்துவிடுகிறது. 85-ஐத் தாண்டினால் முட்டைப் புரதம் இறுகிச் சுருங்கி, பிடித்து வைத்திருந்த நீரை வெளியே தள்ளும். சரியான நிலைக்கும் கெட்ட நிலைக்கும் நடுவே 5 டிகிரிதான் இடைவெளி. ட்ரேயில் தண்ணீர் ஊற்றுவது எதற்கு என்று கேட்பவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது. ஓவன் 150-இல் இருந்தாலும் தண்ணீர் 100-ஐத் தாண்டாது. மேற்பரப்பிலிருந்து ஆவியாகிக்கொண்டே இருப்பதால் திறந்த ட்ரேயில் அதற்கும் கீழேயே நிற்கும்.

செய்ய வேண்டியவை: ட்ரேயின் அடியில் ஒரு துணியை மடித்துப் போட்டு அதன்மேல் பாத்திரத்தை வையுங்கள், அடிச்சூடு நேராக ஏறாது. தண்ணீர் தளதளவென்று கொதிப்பது தெரிந்தால் ஒரு குவளை குளிர்ந்த நீர் விட்டு, ஓவனை 10 டிகிரி குறையுங்கள். ஆவியில் வேகவைப்பவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். ஆவி 100 டிகிரி, மூடி இறுக்கமாக இருந்தால் கஸ்டர்டும் அதை நோக்கியே ஏறும். மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு மரக்கரண்டியைச் செருகி இடைவெளி விடுங்கள். குக்கர் என்றால் வெயிட்டும் கேஸ்கட்டும் போடவே வேண்டாம்.

ஓட்டை விழுந்ததை மறுபடி மென்மையாக்க முடியாது. நன்றாகக் குளிரவைத்து, பிரிந்த நீரை வடித்துவிட்டு, மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பாகு தாராளமாக ஊற்றிப் பரிமாறலாம். குளிர்ச்சியில் ரப்பர்தன்மை சற்று மறைந்துவிடும்.

நேரம் ஆகியும் உறையவில்லை

முதலில், உண்மையிலேயே உறையவில்லையா என்று பாருங்கள். பாத்திரத்தை லேசாகத் தட்டும்போது ஓரம் நிலையாக நின்று, நடுவில் எலுமிச்சம்பழ அகலத்துக்கு மட்டும் தளும்பினால் அது வெந்துவிட்டது. இறக்கிய பிறகும் உள்சூட்டில் நடுப்பகுதி உறையும். முழுதும் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிட்டது. சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 80 காட்டும்போது எடுத்துவிடுங்கள்.

மொத்தமும் பால் மாதிரி அலையடித்தால்: ட்ரேயில் பச்சைத் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள் (அது சூடாகவே அரை மணி போய்விடும்), அல்லது சிறிய முட்டைகளாக இருந்திருக்கும், அல்லது பாத்திரம் ஆழம் அதிகம். 10 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு தொடருங்கள். சூட்டைக் கூட்டி ஈடுகட்ட நினைக்காதீர்கள்.

ஃபிரிட்ஜில் இரவு வைத்து, காலையில் பார்த்தால் தளர்வாக இருக்கிறதா? கவிழ்க்காமல் அப்படியே வெதுவெதுப்பான நீருள்ள ட்ரேயில் வைத்து 150 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம் மறுபடி வேகவிடலாம். கண்ணாடிப் பாத்திரத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வெந்நீரில் இறக்கக் கூடாது, விரிசல் விடும். மறுபடி குளிர 4 மணி நேரம் வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். நேரம் இல்லையென்றால் கலவையைச் சிறுதீயில் கிளறிக் கரண்டியின் முதுகில் படியும் பதத்துக்குக் கொண்டுவந்து, ஆறவைத்து, பழத்துண்டுகளின் மேல் ஊற்றிக் கிண்ணத்தில் கொடுங்கள். வேகாத முட்டைக் கலவையை அப்படியே பரிமாறக் கூடாது.

முட்டைக் கவிச்சி அடிக்கிறது

பெரும்பாலும் அதிகம் வெந்ததன் விளைவு. வெள்ளைக்கரு மிகையாகச் சூடாகும்போது கந்தக வாசனை வரும். மற்றது, வடிகட்டாமல் விட்டது. மஞ்சள் கருவைப் பிடித்திருக்கும் வெள்ளைத் திரி வடிகட்டியில்தான் நிற்கும். வெனிலாவைக் கொதிக்கும் பாலில் விட்டாலும் மணம் பறந்துவிடும். இரண்டு முழு முட்டைக்குப் பதில் நான்கு மஞ்சள் கரு சேர்த்தால் கவிச்சியும் குறையும், கஸ்டர்டும் வழுவழுப்பாகும், ஆனால் சற்று இளக்கமாக நிற்கும்.

கவிழ்த்தால் வரவில்லை, அல்லது உடைந்துவிட்டது

உடைந்தால் போதிய நேரம் குளிரவில்லை. 4 மணி நேரம் குறைந்தபட்சம், இரவு முழுவதும் என்றால் நிச்சயம்.

வராமல் ஒட்டிக்கொண்டால் அடியில் காற்று புகவில்லை என்று பொருள். மெல்லிய கத்தியை ஓரத்தில் செங்குத்தாக விட்டு ஒரே சுற்றில் சுற்றி எடுங்கள். பாத்திரத்தின் அடியை வெந்நீரில் ஒரு நிமிடம் வையுங்கள். பிறகு சாய்த்துப் பிடித்து, விரல் நுனியால் ஓரத்தை மெல்ல உள்பக்கம் இழுங்கள். சுவருக்கும் கஸ்டர்டுக்கும் நடுவே பாகு வழிந்து இறங்குவது தெரியும். அது தெரிந்தால்தான் கவிழ்க்க வேண்டும். தட்டை மேலே மூடி, இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து ஒரே வீச்சில் திருப்புங்கள். ‘சளப்’ என்ற சத்தம் கேட்கும்வரை பாத்திரத்தைத் தூக்காதீர்கள்.

தட்டு தட்டையாக இருந்தால் பாகு மேசைவிரிப்பில்தான் ஓடும். விளிம்பு 2 செ.மீ. உயர்ந்த தட்டை முந்தின நாளே எடுத்துவைத்துவிடுங்கள். பாத்திரத்தின் அடியில் பாகு கண்ணாடிபோல் ஒட்டி நின்றால் அது இன்னும் இளகவில்லை. 2 மேசைக்கரண்டி வெந்நீர் விட்டுச் சூடுகாட்டிக் கரைத்து மேலே ஊற்றுங்கள்.

முட்டை சாப்பிடாதவர் ஒருவர் வருகிறார்

அழைக்கும்போதே முட்டை, பால், கொட்டைப் பருப்பு ஒவ்வாமை யாருக்கும் உண்டா என்று கேட்டுவிடுவது உத்தமம். முட்டையில்லாமல் செய்ய, 4 பேருக்கு: பால் 500 மி.லி., சர்க்கரை 60 கிராம், அகர் அகர் (கடற்பாசியிலிருந்து எடுக்கும், உறையவைக்கும் பொருள்) பொடி 2 கிராம். பொடியைக் குளிர்ந்த பாலிலேயே கலந்து, கொதி வந்தபின் 2 நிமிடம் கிளறி, வெனிலா சேர்த்துக் கிண்ணங்களில் ஊற்றுங்கள். உறையவில்லை என்றால் அகர் கரையும் அளவுக்குக் கொதிக்கவில்லை, திரும்பக் கொதிக்கவிட்டு ஊற்றலாம், கெடாது. பாகைத் தனியாகக் காய்ச்சி, வெந்நீர் விட்டு இளக்கி, பரிமாறும்போது ஊற்றுங்கள். ஜெலட்டின் விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. சைவர்களுக்கு அது மாற்று ஆகாது.

1 மணிச் சாப்பாடு 2 மணிக்கு நழுவுகிறது

வீட்டில் அன்றாடம் 4 பேருக்குச் சமைக்கும் கணக்கிலேயே 12 பேருக்கும் நேரம் போட்டதால் வருவது. மூன்று மடங்கு தண்ணீர் கொதிக்க அதே தீயில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு நேரம் ஆகும். நறுக்குவதும் அப்படியே. உப்பை மட்டும் மூன்று மடங்கு ஒரேயடியாகப் போடாதீர்கள். முக்கால் பங்கு போட்டு ருசி பார்த்துக் கூட்டுங்கள்.

நேரத்தைப் பின்னாலிருந்து எழுதுங்கள். 1 மணிக்கு உட்கார வேண்டும் என்றால் 12:40-க்கு எல்லாம் பரிமாறும் பாத்திரத்துக்கு மாற வேண்டும், 12:20-க்குக் கடைசி அடுப்பு அணைய வேண்டும். அங்கிருந்து ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்று பின்னோக்கிப் போனால் எந்த இரண்டு பதார்த்தம் ஒரே அடுப்புக்குச் சண்டை போடுகின்றன என்பது தாளிலேயே தெரிந்துவிடும். அவற்றில் ஒன்றை முந்தின நாளைக்குத் தள்ளுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். கடைசி நிமிடத்தில் சூடாகப் பொரிக்கவோ வதக்கவோ வேண்டியது ஒன்றுக்கு மேல் இருக்கவே கூடாது. சமைத்ததைச் சூடாக வைத்திருப்பதானால் 60 டிகிரிக்குக் கீழே போகாமல் பாருங்கள். வெறுமனே மூடி வைத்த வெதுவெதுப்பில் கிருமிகள் வேகமாகப் பெருகும்.

ஃபிரிட்ஜில் இடமில்லை

இரண்டு நாள் முன்பே ஒரு தட்டைக் காலி செய்து, வெறும் கஸ்டர்ட் பாத்திரத்தை வைத்து உயரம் பாருங்கள். சுடச்சுட உள்ளே வைக்க வேண்டாம். அடுத்திருக்கும் பொருளும் சூடாகும், மூடியில் நீர் கோத்துக் கஸ்டர்டின் மேல் சொட்டும். வெளியே ஒரு மணி நேரம் ஆறவிட்டு, மூடி, உள்ளே வையுங்கள். மூடாமல் வைத்தால் மேலே தோல் கட்டும், பக்கத்தில் இருக்கும் வெங்காய வாசனையும் ஏறும்.

மெழுகுவர்த்தி சாய்ந்து, பாகுக்குள் மெழுகு சொட்டுகிறது

கஸ்டர்டுக்கு மெழுகுவர்த்தியைத் தாங்கும் வலு கிடையாது. குத்திய இடத்திலிருந்து பிளவும் விழும். ஒரு சின்னக் கிண்ணத்தில் சர்க்கரையை நிரப்பி அதில் மெழுகுவர்த்திகளை நட்டு, கஸ்டர்ட் தட்டுக்குப் பின்னால் வையுங்கள். புகைப்படத்தில் இரண்டும் சேர்ந்தே தெரியும். ஊதும்போது எச்சில் இனிப்பின்மேல் விழாமல் இருப்பது கூடுதல் நன்மை.

எல்லோருக்கும் வயிறு நிறைந்து, இனிப்பை யாரும் தொடவில்லை

சாப்பிட்டு எழுந்த உடனே கொண்டுவந்திருப்பீர்கள். முக்கால் மணி நேரம் இடைவெளி விடுங்கள். பிள்ளைகளுக்கு மட்டும் அதற்கு முன்பே சிறு துண்டு கொடுத்துவிடலாம், அவர்களால் காத்திருக்க முடியாது. பரிமாற 10 நிமிடம் முன்பு வெளியே எடுத்தால் போதும். 12 துண்டு என்பது பாகு நீங்கலாக ஒருவருக்குச் சுமார் 135 கிராம். நிறையச் சாப்பிட்ட பிறகு பலருக்கு அதில் பாதியே போதும். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் வெந்நீரில் நனைத்துத் துடைத்தால் வெட்டுமுகம் பளபளப்பாக வரும்.

மிச்சமானதை 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குத் திருப்புங்கள். அறை 32 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் 1 மணி நேரம்தான் கணக்கு. 4 டிகிரியில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள். பனிக்கட்டி கரையும்போது கஸ்டர்டின் நீர் பிரிந்து, அதிகம் வெந்ததைப்போலவே ஓட்டையாகிவிடும். விருந்தினருக்குக் கொடுத்தனுப்புவதானால் பாகைத் தனி டப்பாவில் ஊற்றிக் கொடுங்கள், வண்டி ஆட்டத்தில் துண்டு பாகில் கரையாமல் போய்ச் சேரும்.